மூணாவது மாடி அக்கா

மருந்துப் பெட்டியின் பின்பக்கம் பொடிப்பொடியாக அச்சடித்திருக்கும் வரிகளை யார் படிக்கிறார்கள்? நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும். படிக்க ஆளில்லாவிட்டாலும் அதை அடுக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் இவள்தான். வடிவமைப்புப் படித்துப் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் கடைசி வருஷம், கண் மங்கிய பெரியவர்களும் படிக்கும்படி மருந்துப் பெட்டி எழுத்தை எப்படி அமைக்கலாம் என்று ஒரு திட்டம் செய்து காட்டி, அரங்கம் முழுக்கக் கைதட்டல் வாங்கியவள். அந்தத் தைரியத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் போய், "சார், இந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆக்கலாமேம்மா. பெட்டியையும் பெருசாக்கிடுவோம். கடைக்காரரோட அலமாரியையும் பெருசாக்கிடுவோம். வேற ஏதாவது பெருசாக்கணுமா?"

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குப் பொடியெழுத்து என்று பெயர். கெட்ட எண்ணத்தில் வைத்த பெயரில்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஐந்தரை ஆனதும் ஒருவருக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், இன்னொருவருக்கு மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு வாசப்படி, அவரவருக்கு அவரவர் அவசரம். இவளுக்கு மட்டும்தான் ஓர் அவசரமும் இல்லை.

குடியிருந்தது மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில். படியேறி வந்தால் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். ஒன்று அவளுடையது. எதிர்க்கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரர் உடைந்த நாற்காலி, பழைய ஜன்னல் சட்டம் என்று போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பூட்டுத் துருவேறிச் சாவியே நுழையாது. ஆக, அந்த மாடியில் மூச்சு விடுகிற ஜீவன் அவள் ஒருத்திதான்.

அம்மா வேறு ஊரில், அண்ணன் வீட்டில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் போன் வரும்.

"நாலு பேரோட பழகுடி. தனிமரம் தோப்பாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"பழகிட்டுத்தாம்மா இருக்கேன். லீவு நாள்ல எல்லாம் கூட்டத்துக்குப் போறேனே."

"என்ன கூட்டம்?"

"டிசைன் படிச்சவங்க எல்லாம் சேர்ந்து ஜனங்களுக்கு நல்லது பண்ற கூட்டம்."

"முதல்ல உனக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும். அங்க தோழிங்க யாராவது இருக்காங்களா?"

"நிறைய இருக்காங்கம்மா."

அம்மாவுக்கு அது போதும். அண்ணியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். பொய் சொன்ன நாக்குதான் கொஞ்ச நேரம் கசந்துகொண்டிருக்கும்.

கூட்டம் என்று சொன்னது பொய்யில்லை. பழைய கிடங்கு, நூலகத்து மாடி, காபிக் கடையின் பின்னறை என்று ஊரில் எங்கே அறிவிப்பு வந்தாலும் இவள் போய் நிற்பாள். சக்கர நாற்காலிக்காரர் ஏறும்படி பேருந்து நிறுத்தம், காது கேளாதவர்களுக்கு அழைப்பு மணி, குப்பை பொறுக்குகிறவர்களுக்குக் கையுறை. சுவரெல்லாம் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சீட்டு ஒட்டி, ஸ்கெட்ச் பேனா தீர்கிற வரைக்கும் வரைவார்கள். உலகத்தைத் திருத்திவிட்டுத்தான் மறுவேளைச் சாப்பாடு என்பதுபோல ஒரு வேகம். கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அவளுக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. சாய்தளம் இடப்பக்கம் திரும்ப வேண்டுமா வலப்பக்கமா என்று நாலு பேரோடு தொண்டை கட்டச் சண்டை போடுகிற அந்த நேரத்தில், தான் தனியாள் என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

கூட்டம் கலையும்போதுதான் சிக்கல். வந்தவர்கள் இரண்டு பேர் மூன்று பேராகத்தான் வந்திருப்பார்கள், அப்படியேதான் கிளம்புவார்கள். "போலாமா?" "நீ எந்தப் பக்கம்?" "வா, ஒரு டீ குடிச்சுட்டுப் போவோம்." இந்தப் பேச்சு அவளைச் சுற்றிச் சுற்றி நடக்கும். யாரும் அவளை விரட்டியதில்லை. யாரும் 'நீங்களும் வரீங்களா' என்று கேட்டதும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அவள் நாற்காலிகளை மெதுவாக அடுக்குவாள், ஒட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். கடைசியில் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டுவார். சட்டையில் குத்திக்கொண்ட பெயர்ச்சீட்டைக் கொண்டுபோய் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள். அங்கே இப்போது கதவே தெரியாத அளவுக்குச் சீட்டு.

இந்தக் கூட்டங்களில் தாடி என்று ஒருவன் உண்டு. எல்லாக் குழுவிலும் அவன்தான் முன்னால் நிற்பான். நல்ல மனுஷன்தான். அவளை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் கை நீட்டி, "முதல் தடவையா வரீங்களா?" என்று அன்பாகக் கேட்பான். முதலில் அவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அப்புறம் ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மழைக்காலத்தில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று வந்தது. 'தனியாக வாழ்கிறவர்களுக்கு என்ன செய்யலாம்?' என்பது தலைப்பு. தாடி குழுவில்தான் இவளும் இருந்தாள். கூடவே போன் செயலிகள் செய்யும் கண்ணாடிக்காரி ஒருத்தி, கட்டட வடிவமைப்புப் படிக்கும் சுருட்டைமுடிப் பெண் ஒருத்தி. அந்தச் சுருட்டை வாயைத் திறந்தால் அதிசயம், கை மட்டும் எதையாவது வெட்டிக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகச் செய்கிறோமோ அவரை ஒரு மாதிரி ஆளாகப் பெரிய தாளில் எழுதி மாட்டிவிடுவார்கள். முகம், வயது, பழக்கவழக்கம், என்ன வேண்டும், என்ன வேண்டாம் எல்லாம் அதில் இருக்கும். பிறகு செய்வது எல்லாம் அந்த ஆளுக்காகத்தான். கற்பனையில் எழுதக் கூடாது, நிஜமான ஒருவரிடம் பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. பயிலரங்கை நடத்திய மேடம், "மதியத்துக்குள்ள வெளியில போய்த் தனியா இருக்கற ஒருத்தர்கிட்ட பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தாடி ஜன்னலைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். "உங்க யாருக்காவது அப்படி ஒருத்தரைத் தெரியுமா? போன்லயே பேசிடலாமே."

கண்ணாடிக்காரி உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய வாய்தான் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது. "எங்க கட்டடத்துல ஒருத்தங்க இருக்காங்க. மூணாவது மாடில."

"அட, அப்புறம் என்ன? போடுங்க போனை!"

மாடிப்படிக்குப் போய் நின்றாள். யாருக்குப் போடுவது? காதில் போனை வைத்துக்கொண்டு, கையிலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக மெல்லிய குரலில் படித்தாள். எவ்வளவு காலமா தனியா இருக்கீங்க? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல என்ன பண்ணுவீங்க? கடைசியா உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க? டீக்காரர் தட்டோடு படியேறி வந்தபோது, "ஆமாங்க, சொல்லுங்க சொல்லுங்க" என்று செத்த போனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் தாண்டிப் போனதும் மறுபடி கேட்டாள். கேட்டவளும் அவளே, பதில் சொன்னவளும் அவளே. ஆனாலும் யாரோ தன்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் சொல்லச் சொல்லத் தாடி குறிப்பெடுத்துக்கொண்டான். வெளியே போகும்போது அந்த அக்கா ரேடியோவைப் பாட விட்டுவிட்டுத்தான் பூட்டுவாராம். திரும்பி வரும்போது உள்ளே ஆள் அரவம் இருப்பதுபோல இருக்குமாம். கதவைத் திறந்ததும் 'வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பாராம், யாரும் இல்லை என்று தெரிந்தும். லீவு நாளில் கடைக்குப் போய், வாங்காத பொருளுக்கெல்லாம் விலை கேட்பாராம். அன்றைக்கு ஒரு வார்த்தையாவது பேசியதாக இருக்கட்டும் என்று. சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவாராம். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் காலியாக இருக்கிற இடம் தெரியும்.

கண்ணாடிக்காரி மூக்கை உறிஞ்சினாள். சுருட்டை கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "மூணாவது மாடி அக்கா" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"வயசு என்ன?" என்றான் தாடி, தாளும் பேனாவுமாக.

"கேக்கலையே."

"அறுபத்தஞ்சு போடுவோமா?"

"அறுபது போதும்" என்றாள் சுருட்டை.

தாடி நன்றாக வரைவான். நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, தோளில் சால்வை என்று ஒரு முகம் வந்துவிட்டது. இருபத்தாறு வயதுக்காரி பக்கத்தில் நின்று, அந்தச் சால்வைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசனை சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனிமேல் எடுத்தால் எல்லோர் கையும் அசிங்கமாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் வேடிக்கை. குழுவே டீக்கடைக்குக் கிளம்பியது. "நீங்களும் வாங்க. அந்த அக்காவைப் பத்தி இன்னும் நிறையக் கேக்கணும்" என்று தாடி அழைத்தான். எத்தனை காலமாக நாற்காலி அடுக்கிக் காத்திருந்த அழைப்பு! போனாள். கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று எல்லோரும் ஆசை ஆசையாகக் கேட்டார்கள். அக்காவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்? கோபம் வருமா? கூட யாராவது இருந்தால் முதலில் என்ன சமைப்பார்? அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே பதில்தான்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். ரேடியோ உள்ளே பாடிக்கொண்டிருந்தது. 'வந்துட்டேன்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது இப்போது சுவரில் மாட்டிய தாளில் இருக்கிற வாசகமாயிற்றே என்று தோன்றி, சொல்லாமல் விழுங்கினாள். இருந்த ஒரே சம்பிரதாயத்தையும் தானே எடுத்து ஊருக்குத் தானம் கொடுத்தவளை என்ன சொல்வது? அன்று அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

மறுநாள் குழு ஒரு பொருளைச் செய்து முடித்தது. மெல்லிய மரப்பலகையில் உள்ளங்கை அகல வட்டம். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள். கதவுக்கு வெளியே மாட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் பக்கம் தெரிந்தால், கதவைத் தட்டிப் பேச வரலாம் என்று அக்கம்பக்கத்துக்கு அர்த்தம். "இதை எடுத்துட்டு அக்கா வீட்டுக்கே போயிடலாமா?" என்று கண்ணாடிக்காரி துள்ளினாள்.

"அவங்க... தம்பி வீட்டுக்கு ஊருக்குப் போயிருக்காங்க. காலைலதான்" என்றாள் பொடியெழுத்து. கழுவுற மீனில் நழுவுற மீனாகிவிட்டாள்.

சாயங்காலம் மேடையில் எடுத்துச்சொல்லும் நேரம் வந்தது. தாடி அளந்து பேசினான். கேட்டு முடித்த மேடம், "இந்த அக்காவே இங்க இருந்தா இதைப் பத்தி என்ன சொல்லுவாங்க?" என்றார். தாடி இவளைப் பார்த்தான். அவரோடு பேசியவள் இவள்தானே.

ஒலிபெருக்கி கைக்கு வந்தது. மனசில் தயார் செய்த வார்த்தை எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகப் போய்விட்டது. "எனக்கு இது வேண்டாம்" என்று ஆரம்பித்தாள். "மஞ்சள் பக்கத்தை மாட்டிட்டு நான் உள்ள உக்காந்திருப்பேன். யாரும் வரலைன்னா? இப்ப யாரும் வர்றதில்ல, அதுக்கு அவங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு காரணம் இருக்கு. இதை மாட்டினதுக்கப்புறம் அந்தக் காரணமும் இருக்காது." ஒலிபெருக்கியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு அறுபது வயசு இல்ல. இருபத்தாறு. ஊர்ல தம்பியும் இல்ல. நேத்து நான் யாருக்கும் போன் பண்ணல. மூணாவது மாடி அக்கா நான்தான்."

கைதட்டல் பிளந்து கட்டியது. பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினார்கள். மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா? பயனரா மாறிப் பேசறதுன்னா இதுதான்! வயசு எதுவா இருந்தாலும் அந்த வலி நம்ம வலின்னு உணரணும்" என்றார். கண்ணாடிக்காரி கட்டிப்பிடித்து, "நீங்க நடிக்கப் போயிருக்கலாம்!" என்றாள். அவள் மறுபடி வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அதுவும் நடிப்பாகத்தான் போகும் என்று புரிந்தது. சிரித்துவைத்தாள். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக அவள் என்றைக்குமே இருந்ததில்லை.

பிறகு குழுப் படம் எடுத்தார்கள். அக்காவின் தாளை அவளையே நடுவில் பிடிக்கச் சொன்னார்கள். "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, அக்கா முகம் தெரியட்டும்." படத்தில் நரைத்த கொண்டை அழகாக விழுந்திருக்கிறது. அவள் பங்குக்கு, தாளின் இரு ஓரத்திலும் விரல்கள் தெரிகின்றன.

போனில் அந்தக் குழுவுக்கென்று ஆரம்பித்த அரட்டை சில நாள் ஓடியது. பிறகு பூங்கொத்துப் படம், பிறகு கட்டைவிரல் படம், பிறகு அதுவும் இல்லை. அவள் கூட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டாள். அம்மா கேட்டபோது, "வேலை ஜாஸ்தி" என்றாள். லீவு நாளில் கடைக்குப் போய் விலை கேட்கவும் கூச்சமாக இருந்தது.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு ஞாயிறு காலை, சுருட்டையிடமிருந்து செய்தி வந்தது. 'அந்த அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டார்களா? அவர்களுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். நேரில் கொடுக்க வேண்டும்.'

இன்னும் வரவில்லை என்று எழுதினாள், அழித்தாள். வேறு ஊருக்கே போய்விட்டார் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். அந்தப் பெண் ஒருத்திதான் இத்தனை நாளும் அக்காவை ஞாபகம் வைத்திருக்கிறாள். அக்காவைக் கொன்றுவிட்டால் அந்த ஞாபகமும் போய்விடும். உண்மையைச் சொன்னாலோ, முன்போல இன்னொரு கைதட்டல் கிடைக்கும். கடைசியில் முகவரியை மட்டும் அனுப்பிவிட்டு, வாசலில் வைத்தே ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று, வழக்கம்போல வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போய் நின்றாள்.

சுருட்டை பேருந்திலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள். கையில் துணிப்பை. "இருக்காங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வாங்க" என்று முன்னால் படியேறினாள்.

"நீங்க அன்னிக்குப் பேசினதை நெனச்சுக்கிட்டே இருந்தேங்க" என்று சுருட்டை பின்னால் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "மஞ்சளை மாட்டி யாரும் வரலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டீங்களே, அது சரிதானே. அதான் ஜோடியா பண்ணியிருக்கேன். ஒண்ணு அவங்க வீட்டுக்கு. ஒண்ணு என் வீட்டுக்கு. நானும் ஹாஸ்டலை விட்டுட்டுத் தனியாத்தான் ரூம் எடுத்திருக்கேன். அவங்க மாட்டினா நான் வர்றேன், நான் மாட்டினா அவங்க வரட்டும். நடக்குமான்னு தெரியல. கேட்டுப் பாக்கலாமேன்னுதான்."

மூன்றாவது மாடி வந்துவிட்டது. ஒரு கதவில் துருப்பிடித்த பூட்டு. இன்னொரு கதவுக்குப் பின்னால் பாட்டுக் கேட்டது.

"எந்தக் கதவு?" என்றாள் சுருட்டை.

அவள் பாட்டுக் கேட்ட கதவின் பக்கம் நகர்ந்தாள். கை தானாகச் சாவியை எடுத்தது. மனசு எங்கேயோ இருந்தது, என்ன பொய் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தது. பூட்டுத் திறந்தது, கதவைத் தள்ளினாள். பழகிய வாய், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

"வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றாள். உள்ளே யாருக்காகவோ பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ, காலியான அறை, அடுப்படி மேடையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு. எல்லாவற்றையும் சுருட்டை வாசலில் நின்றே பார்த்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் கை தட்டினேனே" என்றாள். "அறுபதுன்னு போடச் சொன்னதும் நான்தானே."

"ஆமா" என்றாள் அவள், இன்னும் திரும்பாமல். "தாடி சொன்னதுல அஞ்சு வருஷம் குறைச்சீங்க. அதுக்கு நன்றி."

சுருட்டைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் துணிப்பைக்குள் கைவிட்டு மரவட்டத்தை எடுத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தாள். நீட்டலாமா வேண்டாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "நான் உள்ள வரலாமாக்கா?"

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தாள்.